கண்ணில் விழுந்த ஒரு சொட்டு: டாக்டர் கார்ல் கொல்லரின் கதை

மலர்க் குழுத் தம்பிகள் இந்த ஆண்டு சந்திப்பு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். பாஸ்டர், ஃபிளெமிங் போன்றவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நானோ நம் கல்லூரியில் பார்மசி படித்துவிட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் கண் சொட்டு மருந்தும் தோல் களிம்பும் தயாரிக்கிற வேலையிலேயே காலத்தை ஓட்டியவன். அதனால் என் தொழிலுக்கு மூத்தவர் என்று நான் நினைக்கிற ஒருவரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் டாக்டர் கார்ல் கொல்லர்.

பெயரைக் கேட்டதும் நம் ஊர்ப் பட்டறையும் துருத்தியும் ஞாபகத்துக்கு வரும். இவர் அந்தக் கொல்லர் இல்லை. வியன்னாவில் படித்த கண் டாக்டர். கண் மருத்துவமும் மயக்கவியலும் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். மற்றவர்களுக்கு அவருடைய நண்பர் ஒருவரின் பெயர்தான் தெரியும். அந்த நண்பர் சிக்மண்ட் ஃபிராய்ட். இருவர் கதையும் ஓர் இடத்தில் பின்னிக் கிடக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தக் காலத்துக் கண் ஆபரேஷன்

முதலில் ஒன்றை மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். 1884க்கு முன்னால் கண்புரை ஆபரேஷன் எப்படி நடந்தது தெரியுமா? நோயாளி முழு நினைவோடு உட்கார்ந்திருப்பார், அல்லது படுத்திருப்பார். இரண்டு பேர் தலையையும் கையையும் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். டாக்டர் கத்தியைக் கருவிழியில் வைப்பார். கண்ணில் ஒரு தூசி விழுந்தாலே நாம் படுகிற பாடு நமக்குத் தெரியும். உடம்பில் வலியை உணரும் நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக இருக்கிற இடங்களில் கருவிழியும் ஒன்று. அங்கே கத்தி!

1846இல் பாஸ்டனில் ஈதர் வந்துவிட்டதே, 1847இல் குளோரோஃபார்ம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்ததுதான். ஆனால் கண் டாக்டர்களுக்கு அது சரிப்படவில்லை. முகமூடியை மூக்கில் வைத்தால் கண்ணருகே கை வைக்க இடமில்லை. மயக்கம் தெளியும்போது நோயாளி குமட்டி வாந்தி எடுப்பார். அந்த வேகத்தில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வெட்டின இடம் பிளந்துகொண்டால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். அன்றைக்கு அந்தக் காயத்துக்குத் தையலும் சரிவரக் கிடையாது. ஆபரேஷன் நன்றாக நடந்து, வாந்தியால் கண் போனது என்றால் எப்படி இருக்கும்? மேலும், இப்படிப் பார், அப்படிப் பார் என்று டாக்டர் சொன்னால் கேட்கிற நிலையில் நோயாளி இருக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரிடம் எதைச் சொல்வது?

வியன்னாவின் பெரிய கண் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஃபான் ஆர்ல்ட் இந்தக் குறையைத் தம் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வாராம். அந்த மாணவர்களில் ஒருவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவர்தான் கொல்லர்.

கேள்வி முதலில், மருந்து பிறகு

கார்ல் கொல்லர் 1857ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி போஹீமியாவில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஊர் பெயர் ஷூட்டன்ஹோஃபன். இன்றைக்கு அது செக் குடியரசில் சுஷிட்சே என்ற பெயரில் இருக்கிறது. சிறு வயதிலேயே தாயை இழந்தார். குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1882இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே பேராசிரியர் ஸ்டிரிக்கரின் ஆய்வுக்கூடத்தில் கோழிக் கருவின் வளர்ச்சி பற்றி ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டவர். கெட்டிக்காரர். ஆனால் முன்கோபி என்றும் நண்பர்கள் மத்தியில் பெயர் இருந்தது.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். வியன்னாக் கண் சிகிச்சைப் பிரிவில் உதவி மருத்துவர் பதவி கிடைக்க வேண்டும். அதற்குப் போட்டி கடுமை. ஏதாவது சொல்லிக்கொள்ளும்படியான ஓர் ஆராய்ச்சி இருந்தால்தான் இடம். அதனால் ஆர்ல்ட் சொன்ன குறையையே தம் கேள்வியாக எடுத்துக்கொண்டார். ஆளை மயக்காமல் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்ய முடியுமா?

குளோரல், புரோமைடு, மார்ஃபின் என்று கையில் கிடைத்ததை எல்லாம் விலங்குகளின் கண்ணில் விட்டுப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. நாம் செய்கிறதுபோல், சரி, இது நடக்காது என்று அப்போதைக்கு விட்டுவிட்டார். ஆனால் கேள்வி மட்டும் மனசின் ஓரத்தில் இருந்துகொண்டே இருந்தது.

எல்லோரும் பார்த்த மருந்து

இப்போது கொக்கெய்ன் கதைக்கு வருவோம். தென் அமெரிக்காவின் கோகா இலையிலிருந்து 1860இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆல்பர்ட் நீமன் இதைப் பிரித்தெடுத்தார். நாக்கில் வைத்தால் மரத்துப்போகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். 1880இல் வாசிலி ஃபான் அன்ரெப் என்ற ரஷ்யர் இதைத் தன் தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்திக்கொண்டு, அந்த இடத்தில் குத்தினால் தெரியவில்லை என்று பதிவு செய்தார். ஆக, மரத்துப்போகும் என்பது 24 வருஷமாக ஊரறிந்த சங்கதி. யாரும் கண் பக்கம் கொண்டுபோகவில்லை.

1884இல் வியன்னாப் பொது மருத்துவமனையில் இருந்த ஃபிராய்டுக்கு இந்த மருந்தின் மேல் பெரிய நம்பிக்கை. சோர்வைப் போக்கும், மார்ஃபின் பழக்கத்தை விடவைக்கும் என்றெல்லாம் நம்பினார். அந்த நம்பிக்கை பிற்பாடு பொய்த்துப்போனது வேறு கதை. ஜூலை மாதம் கோகா பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மரத்துப்போகச் செய்யும் குணத்தால் வேறு உபயோகங்களும் வரலாம் என்று கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினார். பிறகு மணம் பேசி வைத்திருந்த பெண்ணைப் பார்க்க ஹாம்பர்க் பக்கம் கிளம்பிவிட்டார். கிளம்பும் முன், கண் மருத்துவரான இன்னொரு நண்பர் லியோபோல்ட் கோனிக்ஸ்டைனிடம், கண் நோய் வலிக்கு இது உதவுமா பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஃபிராய்டோடு சேர்ந்து இந்த மருந்தைச் சாப்பிட்டு, கைப்பிடி வலு கூடுகிறதா என்று கருவி வைத்து அளந்து பார்த்தவர்தான் கொல்லர். ஒருநாள் சக டாக்டர் ஒருவர் நாக்கில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, நாக்கு மரத்துப்போகிறதே என்றார். ஆமாம், சாப்பிட்டவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள் என்று கொல்லர் பதில் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, பொறி தட்டிவிட்டது. தான் தேடி அலைந்த பொருள் தன் சட்டைப்பையிலேயே இருக்கிறது!

நேரே ஸ்டிரிக்கரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே உதவியாளர் குஸ்டாவ் கேர்ட்னர் இருந்தார். பிற்காலத்தில் இந்தக் காட்சியை எழுதி வைத்தவர் அவர்தான். வெள்ளைப் பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தார்கள். பெரிய தவளை ஒன்றின் புடைத்த கண்ணில் ஒரு சொட்டு. ஒரு நிமிஷம் போல ஆனதும் கருவிழியைத் தொட்டார்கள். தவளை இமைக்கவில்லை. கீறினார்கள். அசையவில்லை. மருந்து விடாத கண்ணைத் தொட்டதும் துள்ளியது. அடுத்து முயல், நாய். அதே பலன்.

பிறகு இரண்டு பேரும் தங்கள் கண்ணிலேயே விட்டுக்கொண்டார்கள். கண்ணாடி முன் நின்று, குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார்கள். தொடுவதே தெரியவில்லை. இதைப் படிக்கிற மாணவர்கள் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். இன்றைக்கு நெறிமுறைக் குழு, ஒப்புதல் என்று எல்லாம் இருப்பது நல்லதற்குத்தான்.

செப்டம்பர் 11ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பயன்படுத்தினார். அவருக்கு அப்போது 27 வயதுகூட ஆகவில்லை.

ரயில் சார்ஜுக்குப் பணமில்லை

செப்டம்பர் 15ஆம் தேதி ஹைடல்பர்கில் கண் மருத்துவர்கள் மாநாடு. போக வேண்டும், சொல்ல வேண்டும். ஆனால் கையில் காசு இல்லை. டிரியெஸ்ட் நகரத்து டாக்டர் யோசஃப் பிரெட்டவர் மாநாட்டுக்குப் போகிற வழியில் வியன்னா வந்தார். அவரிடம் கட்டுரையைக் கொடுத்தனுப்பினார். பிரெட்டவர் அதை வாசித்தார். ஒரு நோயாளியின் கண்ணில் சொட்டு விட்டுச் செய்தும் காட்டினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கண் மருத்துவர்கள். தாங்கள் பார்ப்பது என்ன என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கிருந்த நியூயார்க் டாக்டர் ஹென்றி நோயஸ் உடனே ஊருக்கு எழுதினார். அது அக்டோபர் 11ஆம் தேதி அமெரிக்க மருத்துவ இதழில் வந்துவிட்டது. தந்தியும் கப்பலும் மட்டும் இருந்த காலத்தில், ஒரே மாதத்தில் கடல் தாண்டிய செய்தி!

அக்டோபர் 17ஆம் தேதி வியன்னா மருத்துவர் சங்கத்தில் கொல்லர் தாமே பேசினார். அதே கூட்டத்தில் கோனிக்ஸ்டைனும் தம் சோதனைகளைச் சொன்னார். யார் முதலில் என்று ஒரு சின்னப் பூசல் கிளம்பியது. நண்பர்கள் தலையிட்டுச் சமாதானம் செய்தார்கள். முதல் உரிமை கொல்லருக்கே என்று முடிவானது. ஃபிராய்டும் அதை மனசாரச் சொல்லி, நண்பருக்குக் கோகா கொல்லர் என்று பட்டப்பெயரும் வைத்தார். 1885இல் ஃபிராய்டின் தகப்பனாருக்குக் கண் நீர் அழுத்த நோய்க்கு ஆபரேஷன் நடந்தது. கத்தி பிடித்தவர் கோனிக்ஸ்டைன், சொட்டு விட்டவர் கொல்லர், பக்கத்தில் நின்றவர் ஃபிராய்ட். மூன்று பேரும் ஒரே மேஜையைச் சுற்றி!

சொட்டு செய்த வேலை

என் தொழில் சம்பந்தப்பட்ட இடம் இது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் வேலையில் சேர்ந்த புதிதில், மருந்து என்பதே எல்லாம், அதைக் கரைத்துப் பாட்டிலில் அடைப்பது சாதாரண வேலை என்றுதான் நினைத்திருந்தோம். மருந்து நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பிறகு தொழிலே கற்றுக்கொடுத்தது.

கண்ணைப் பாருங்கள். சாதாரணமாகக் கண்ணில் இருக்கிற கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். நிறைய நிறைய விட்டாலும் 30க்கு மேல் நிற்காது. ஒரு சொட்டு மருந்தோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். மிச்சம் கன்னத்தில் வழியும், இல்லாவிட்டால் மூக்குக்குள் இறங்கும். கண்ணீரும் இமையும் சில நிமிஷத்தில் கழுவித் தள்ளிவிடும். உள்ளே போவது பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவு. போகிற வழியும் லேசல்ல. கருவிழியின் மேல் அடுக்கு எண்ணெய்க்கு வழிவிடும், தண்ணீரைத் தடுக்கும். நடு அடுக்கு தண்ணீருக்கு வழிவிடும். இரண்டிலும் கரையத் தெரிந்த மருந்துதான் தாண்டும். கொக்கெய்ன் அப்படி இரண்டு வேஷமும் போடத் தெரிந்தது. கொல்லர் முன்பு முயன்ற மருந்துகள் வலியைக் குறைப்பது மூளை வழியாக. கண்ணில் விட்டால் அவற்றுக்கு அங்கே வேலையே கிடையாது. கொக்கெய்னோ நரம்பு நுனியிலேயே வலிச் செய்தியை நிறுத்துகிற மருந்து. நரம்பு நுனிகளோ கருவிழியின் மேற்பரப்பை ஒட்டியே இருக்கின்றன. சரியான மருந்து, சரியான இடம், சரியான வழி மூன்றும் ஒரு சொட்டில் கூடின.

இதற்கு ஒரு எதிர்ச்சாட்சியும் உண்டு. கொக்கெய்னின் கெடுதல் சீக்கிரமே தெரிந்துவிட்டது. கருவிழியின் மேல்தோலை அது உரித்துக் கலங்க வைக்கும். போதைக்கு அடிமையாக்கும். நரம்பைச் சுற்றி ஊசி போட்டு மரக்க வைக்கும் முறையை வளர்த்த நியூயார்க் சர்ஜன் ஹால்ஸ்டட், தம் மேலேயே சோதித்து அடிமையாகிப்போனார். மாற்று தேடிய ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் 1904இல் புரோக்கெய்னை உருவாக்கினார். ஊசிக்கு அருமையான மருந்து. ஆனால் சொட்டாக விட்டால் மேல்பரப்பைத் தாண்டி உள்ளே போவது சிரமம். மருந்து நல்லது, வழிதான் அடைப்பு! கண்ணுக்கென்று டெட்ராக்கெய்ன், புரோபராக்கெய்ன் எல்லாம் அதற்குப் பின் வந்தவை.

தோல் இன்னும் கெட்டி. மேலே இருக்கிற செத்த செல் அடுக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான். ஆனால் கோட்டைச் சுவர். கொக்கெய்னை முழுத் தோலில் தடவினால் ஒன்றும் ஆகாது. நூறு வருஷம் கழித்து, 1980களில்தான் அதற்கு ஒரு வழி வந்தது. லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் தனித்தனியே படிகம். சம அளவில் கலந்தால் தாமே உருகி எண்ணெயாகிவிடும். அதைக் களிம்பாக்கித் தடவி, மூடிக் கட்டி ஒரு மணி நேரம் விட்டால் ஊசி குத்துவது தெரியாது. இப்போது குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்குமுன் தடவுகிறார்களே, அதுதான்.

கண்ணீரை ஏமாற்றவும் வழி தேடினார்கள். உருகுவேயில் பிறந்த அலெஹாந்திரோ சஃபரோனி 1968இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்சா நிறுவனம், 1974இல் இமைக்கு அடியில் வைக்கிற மெல்லிய தகடு ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு வாரம் பைலோகார்பைன் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். 1979இல் காதுக்குப் பின்னால் ஒட்டுகிற பயண வாந்திப் பட்டை வந்தது. கண், தோல் இரண்டையும் மருந்து போகும் வாசலாகப் பார்த்த வேலைகள் இவை.

பதவி போனது, ஊரும் போனது

உலகமெல்லாம் புகழ் பரவிய கொல்லருக்கு வியன்னாவில் என்ன கிடைத்தது? 1885 ஜனவரித் தொடக்கத்தில், மருத்துவமனையில் ஒரு நோயாளியின் விரல் கட்டைத் தளர்த்துவது பற்றிச் சக மருத்துவர் ஒருவரோடு வாக்குவாதம். அவர் எல்லோர் முன்னும் கொல்லரின் யூதப் பிறப்பைச் சொல்லி இழிவாகப் பேசினார். கொல்லர் அறைந்துவிட்டார். அந்த நாட்டு வழக்கப்படி அது வாட்சண்டையில் போய் முடிந்தது. கொல்லருக்குக் கீறல்கூட இல்லை. எதிராளிக்குத்தான் காயம். மானம் பிழைத்தது. ஆனால் ஆசைப்பட்ட பதவி கிடைக்கவில்லை. கண் ஆபரேஷனையே மாற்றிய மனிதருக்குக் கண் சிகிச்சைப் பிரிவில் இடமில்லை. இந்த வரியை எழுதும்போது எனக்கு இன்றைக்கும் மனசு கசக்கிறது.

அந்த வருஷமே ஊரை விட்டுக் கிளம்பினார். ஹாலந்தில் உட்ரெக்ட் நகரில் டாண்டர்ஸ், ஸ்னெல்லன் ஆகிய பெரியவர்களிடம் இரண்டு வருஷம் வேலை செய்தார். நாம் கண் டாக்டரிடம் போனால் தூரத்தில் மாட்டியிருக்கிற எழுத்துப் பலகை இருக்கிறதே, அது அந்த ஸ்னெல்லன் செய்தது. 1888இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். மவுண்ட் சினாய் மருத்துவமனையில் கண் மருத்துவராகப் பணியாற்றி, தனியாகவும் நோயாளிகளைப் பார்த்து, அங்கேயே குடும்பம் நடத்தினார். பிறகு பெரிய கண்டுபிடிப்பு எதுவும் செய்யவில்லை. 1922இல் அமெரிக்கக் கண் மருத்துவச் சங்கம் தன் ஹோவ் பதக்கத்தை முதன்முதலாக அவருக்குக் கொடுத்தது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1944 மார்ச் 21ஆம் தேதி நியூயார்க்கில் காலமானார். அதற்குள் அவர் பிறந்த மண்ணையும் படித்த நகரையும் ஹிட்லரின் ஆட்சி பிடித்திருந்தது. அங்கே அவர் இனத்தார் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

நண்பர் ஃபிராய்ட் 1925இல் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதியபோது, இந்தப் புகழ் தமக்குக் கிடைக்காமல் போனதற்கு அன்றைய பயணத்தைப் பாதி வேடிக்கையாகக் காரணம் காட்டினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபிராய்ட் ஊரிலேயே இருந்திருந்தாலும் அது கண் பக்கம் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவர் கையில் மருந்து இருந்தது. அதற்கு என்னென்ன வியாதி பொருந்தும் என்று தேடிக்கொண்டிருந்தார். கொல்லரிடமோ கேள்வி இருந்தது. நாக்கு மரத்ததை நூறு பேர் பார்த்தார்கள். கருவிழியில் கத்தி படும்போது ஒரு மனிதன் படும் பாட்டை நினைத்துக்கொண்டே பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பார்முலேஷன் லேபில் களிம்பு கலக்கும்போது, இது என்ன பெரிய வேலை என்று தோன்றும். 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இன்றைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கிராமத்துப் பாட்டி விழித்துக்கொண்டே படுத்திருப்பார், புரை எடுத்து முடிந்துவிடும். மரப்பு மருந்து சொட்டாகவோ ஊசியாகவோ போயிருக்கும். யாரும் கையைக் காலைப் பிடித்திருக்க மாட்டார்கள். அந்தப் பாட்டிக்குக் கொல்லரைத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்குக் கண் சொட்டு விடுகிறவர்களுக்கும் ஒரு சின்னக் குறிப்பு. ஒரு தடவைக்கு ஒரு சொட்டு போதும். விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை ஒன்றிரண்டு நிமிஷம் விரலால் லேசாக அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து மூக்குக்குள் இறங்காது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷமாவது இடைவெளி விடுங்கள். மருந்துக்கும் காசுக்கும் பலன் உண்டு.

சந்திப்புக்கு வருகிற நண்பர்கள் அனைவரையும் நேரில் பார்க்க ஆவலோடு இருக்கிறேன். படிக்கிற பிள்ளைகள் யாருக்காவது மனசில் இப்படி விடாத கேள்வி ஏதாவது இருந்தால், கூச்சப்படாமல் வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். பேசலாம். எல்லோருக்கும் என் அன்பும் வாழ்த்தும்.